பேருந்துக் கண்ணாடியில் ராஜகோபுரம்

சென்னை ஓ.எம்.ஆர். சாலையில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் இன்னொரு கண்ணாடிக் கட்டடம்தான் தெரியும். அதை வரைந்து வரைந்து அலுத்துப்போன ஓவியர் ஒருவர், வாட்டர்கலர் பெட்டி, மடக்கு நாற்காலி, கறுப்புக் குடை சகிதம் திருச்சிக்கு ரயிலேறினார். என்.எஸ்.பி. சாலைத் துணிக்கடைக் கண்ணாடியில் அவருக்குக் கிடைத்தவை: எதிர்வரிசை விளம்பரப் பலகை, மின்கம்பிகள், பூ விற்கும் தள்ளுவண்டி, இவற்றுக்கெல்லாம் மேலே ஒரு துண்டு மலைக்கோட்டை.

நேர் எதிரே நின்று பார்த்தால், சாதாரணக் கண்ணாடி தன்மேல் விழும் வெளிச்சத்தில் சுமார் 8 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்பும். பக்கவாட்டில் சாய்ந்து பார்க்கப் பார்க்கப் பிம்பம் கூடும். ஆகவே நாற்காலியை எங்கே போடுவது என்பதிலேயே பாதி ஓவியம் முடிந்துவிடுகிறது. இன்னொரு விநோதமும் உண்டு. வெயில் பட்ட பாறை தெரியும் இடத்தில் கடையின் உள்பக்கம் காணாமல் போகிறது. ஓவியரின் கறுப்புக் குடை தெரியும் இடத்திலோ, பொம்மை கட்டியிருக்கும் பட்டுப்புடவையின் சரிகைக்கரை பளிச்சென்று எட்டிப்பார்க்கிறது. இரண்டு கடைத்தெருக்கள் ஒரே சட்டத்துக்குள்!

வாட்டர்கலரில் வெள்ளை என்றால் தாளைத் தொடாமல் விடுவதுதான். பாறையின் வெளிச்சத்தை விட்டுவைத்து, முதலில் இளம் வாஷ். அது காய்ந்தபின் குடையின் கருமை. காய்வதற்குக் காத்திருக்கும் சிரமத்தைத் திருச்சி யாருக்கும் வைப்பதில்லை. தூரிகையைக் கழுவி நிமிர்வதற்குள் காய்ந்து, ஓரத்தில் கோடு விழுந்துவிடும்.

இந்த ஊர் ஓவியர்களுக்குப் பழகியது. 1792இல் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் இங்கே வந்து மலைக்கோட்டையை வரைந்தார்கள். லண்டன் திரும்பியபின் அது ‘ஓரியண்டல் சீனரி’ தொகுதியில் அச்சேறியது. 19ஆம் நூற்றாண்டில் உள்ளூர் ஓவியர்கள் மைக்கா தகட்டில் சாமிகளையும் தொழில் செய்வோரையும் தீட்டி வெள்ளைக்காரர்களுக்கு விற்றார்கள். ஒளி ஊடுருவும் தகட்டிலேயே கைவைத்தவர்களின் ஊருக்குச் சென்னை ஓவியர் கண்ணாடியை வரைய வந்தது பொருத்தம்தான். தெப்பக்குளத்தை அவர் தொடவில்லை. அதைத்தான் எல்லோரும் வரைகிறார்களே!

காவிரியைத் தாண்டி ஸ்ரீரங்கம். கோயிலின் கண்ணாடி அறை உற்சவ நாட்களில் நம்பெருமாள் எழுந்தருளும் இடம். தூரிகைக்கு அங்கே வேலையில்லை. ஓவியருக்கு வாய்த்தது ராஜகோபுரத்தைப் பார்த்தபடி நின்ற ஒரு பேருந்து. பின்சாய்ந்த முன்கண்ணாடி தெருவை ஒதுக்கிவிட்டு உயரத்தையே வாங்கிக்கொள்ளும். 236 அடிக் கோபுரத்தின் மேல்நிலைகள் அதில் வில்லாக வளைந்து கிடந்தன. டேனியல்களுக்கு இந்தக் காட்சி கிடைத்திருக்காது. பல நூற்றாண்டுகள் மொட்டைக் கோபுரமாகவே நின்றது, 13 நிலைகளோடு எழும்பிக் கும்பாபிஷேகம் கண்டது 1987இல்தான்.

பின்னால் ஒரு பெரியவர் வந்து நின்றார்.

“ஏம்மா, கோபுரம் உன் முதுகுப் பக்கம்னா இருக்கு? பஸ்ஸைப் பாத்து வரையறியே!”

“பஸ்ஸுல இருக்கற கோபுரத்தைத்தான் மாமா வரையறேன்.”

குனிந்து தாளையும் கண்ணாடியையும் மாறிமாறிப் பார்த்தார்.

“அப்ப சீக்கிரம் முடி. டிரைவர் டீ குடிச்சாச்சு.”