மருந்துக் கொம்பு

அம்பத்தூர் எஸ்டேட்டில் பழைய இரும்பு வாங்குகிற கடைக்காரர், நான் கையில் எடுத்த சாமானை எண்ணெய்க் குப்பி என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. எண்ணெய்க் குப்பியின் மூக்கு ஊசிபோல நீண்டிருக்கும். இதற்குக் கட்டைவிரல் நீளத்தில் தடித்த பித்தளைக் குழாய். அடியில் ஒரு விசை. அழுத்தினால் உள்ளே சின்னத் தகடு ஒன்று விலகுகிறது, விட்டால் டக்கென்று மூடிக்கொள்கிறது. குழாயின் மேல் 2¼, 2½, 2¾ என்று எண்கள். பட்டறையில் கேஜும் மைக்ரோமீட்டருமாகவே உத்தியோக காலத்தைக் கழித்தவன் நான். எண் பொறித்த எதையும் கீழே வைக்க மனம் வராது. என்ன இரண்டரை? மில்லிமீட்டரா, அங்குலமா? இரண்டுமே ஒத்துவரவில்லை.

அது டிராம். அவுன்ஸில் பதினாறில் ஒரு பங்கு, ஏறக்குறைய 1.77 கிராம். குழலின் வாய்வழியாக மருந்து கெட்டிக்கிற வேட்டைத் துப்பாக்கிக்காக, கருமருந்து சுமக்கிற குடுக்கை அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஜேம்ஸ் டிக்சன், ஹாக்ஸ்லி போன்ற கம்பெனிகள் இவற்றைச் செம்பிலும் பித்தளையிலும் அடித்துத் தள்ளின. குழாயின் வாயை விரலால் அடைத்துக் குடுக்கையைத் தலைகீழாகப் பிடித்து விசையை அழுத்தினால் குழாய் நிரம்பும். விசையை விட்டால் தகடு மூடும். நிமிர்த்தினால் குழாயில் நிற்பது ஒரு வெடிக்கான மருந்து. மூக்கை நீட்டிக் குறுக்கினால் அளவு மாறும். அரை பவுண்டு கொள்ளும் குடுக்கையில் இரண்டரை டிராம் கணக்கில் ஐம்பது வெடிக்குச் சற்று மேல் வரும் என்று பஸ்ஸில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டேன். பக்கத்து சீட்டுக்காரர் என் மடியில் இருந்ததைப் பார்த்து, "சென்ட் பாட்டிலா?" என்றார்.

டிராமுக்குச் சாவே இல்லை போலிருக்கிறது. கருமருந்து போய்ப் புகையில்லா மருந்து வந்து நூறு வருஷத்துக்கு மேலாகிறது. இன்றும் பல ஊர்களில் விற்கும் தோட்டாப் பெட்டியின் மேல் 'மூன்று டிராமுக்குச் சமம்' என்ற பாணியில் அச்சடிக்கிறார்கள். உள்ளே இருக்கிற மருந்தின் எடை மூன்று டிராம் அல்ல; பழைய கருமருந்து மூன்று டிராம் தந்த வேகத்தை இது தரும் என்பதுதான் பொருள். கணக்குப் பார்க்கிறவனுக்கு எரிச்சலூட்டும் ஏற்பாடு.

படைக்காரர்களுக்குக் குடுக்கை தேவைப்படவில்லை. அவர்களுக்கு ஒரு வெடிக்கு ஒரு பொட்டலம் என்று காகிதத் தோட்டா வந்துவிட்டது. பல்லால் கிழித்து மருந்தைக் குழலில் கொட்ட வேண்டும். அந்தக் காகிதத்தில் தடவிய கொழுப்பு எந்த விலங்குடையது என்ற சந்தேகம் 1857இல் எதுவரை போனது என்பது பள்ளிக்கூடப் பாடம். வேட்டைக்காரன்தான் கொம்பையும் குடுக்கையையும் விடவில்லை.

கொம்பு என்றதும் ஏரிக்கரைக்கு வந்துவிடுகிறேன். எஸ்டேட் அப்போதுதான் எழும்பிக்கொண்டிருந்தது. அம்பத்தூர் ஏரியில் தை மாதத் தண்ணீர் வற்ற ஆரம்பித்ததும் சேற்று ஓரத்தில் உள்ளான்கள் இறங்கும். மடையான் எப்போதும் உண்டு. நரிக்குறவர் பெரியவர் ஒருவர் ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கியோடு வருவார். நாங்கள் பையன்கள் பின்னாலேயே போவோம். விரட்டமாட்டார். "சத்தம் போடாத சாமி" என்பார், அவ்வளவுதான்.

அவர் சுடுவதைவிடக் கெட்டிப்பதுதான் எனக்குப் பிடித்த காட்சி. சுட்டு முடித்ததும் முதல் காரியம், துப்பாக்கியை நிமிர்த்திச் சாத்திவிட்டு வெற்றிலை போடுவது. எங்களுக்குப் பொறுக்காது. அதோ இன்னொரு உள்ளான், அதோ, அதோ என்று குசுகுசுப்போம். அவர் நிதானமாகச் சுண்ணாம்பு தடவுவார். வெற்றிலை முடிந்ததும் ஈரத்துணியைக் கெஜக்கோலில் சுற்றிக் குழலுக்குள் அடிவரை விட்டு எடுப்பார். துணி கறுத்து வரும். குழலுக்குள் கங்கு ஏதாவது மிச்சமிருந்தால் அதோடு அணைந்துவிடும்.

அடுத்தது கொம்பு. எருமைக் கொம்பு, அடிப்பக்கம் மரத்தால் அடைத்தது, நுனியில் ஒரு முளை. தோளில் கயிறு போட்டு முதுகுப் பக்கம் தொங்கும். முன்னால் இழுத்து, முளையைப் பல்லால் பிடுங்கி, மூங்கில் கணுவில் செய்த சின்னக் குவளையில் மருந்தை ஊற்றுவார். உடனே முளையைச் செருகி, கொம்பை மறுபடி முதுகுக்குத் தள்ளிவிடுவார். அதற்குப் பிறகுதான் குவளை மருந்து குழலுக்குள் போகும். அப்போதும் முகத்தைக் குழல்வாய்க்கு நேரே காட்டமாட்டார். கோலால் இடிக்கும்போதும் அப்படியே, உடம்பு ஒருபக்கம் விலகி நிற்கும். பிறகு தேங்காய் நார். அதே குவளையால் அளந்த குண்டு. மேலே இன்னும் கொஞ்சம் நார். மருந்துக்கும் குண்டுக்கும் ஒரே குவளை என்பது உலகம் முழுவதும் இந்த வகைத் துப்பாக்கிக்காரர்கள் கைக்கொள்ளும் கணக்கு என்று பின்னால் படித்தேன். மருந்தைப் பற்றவைக்கிற கேப்பு எல்லாவற்றுக்கும் கடைசி. பறவை கண்ணில் பட்டால்தான் அதை வைப்பார்.

"கொம்புலருந்தே நேரா ஊத்துனா என்ன?" என்று ஒருநாள் கேட்டேன்.

"என் மச்சான் ஊத்துனான் சாமி."

"என்ன ஆச்சு?"

அவர் இடது கையை மணிக்கட்டுவரை சட்டைக்குள் இழுத்துக்கொண்டு காட்டினார். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.

கெஜக்கோலில் கத்தியால் கீறிய இரண்டு கோடுகள் இருக்கும். வெறுங்குழலில் கோல் அடிவரை இறங்கினால் ஒரு கோடு குழல்வாய்க்கு நேராக நிற்கும். கெட்டித்த பிறகு இறக்கினால் மற்றது. மறந்துபோய் ஒரு வெடிமேல் இன்னொரு வெடி போட்டுவிட்டால் இரண்டு கோடும் வெளியே நின்று காட்டிக்கொடுக்கும். குழல் வெடித்துக் கண் போவதற்கு இந்த மறதியும் ஒரு காரணம். பட்டறையில், அளவு தேறுமா தேறாதா என்று காட்டுகிற கோ, நோகோ கேஜ் பற்றி எங்களுக்குப் பாடம் எடுத்த இன்ஜினீயர் சீமையில் படித்து வந்தவர். கரும்பலகையில் அவர் வரைந்து முடிப்பதற்குள் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. காரணத்தைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ரசித்திருக்க மாட்டார்.

குண்டு என்றேனே, அவர் போட்டது பால்ரஸ். சைக்கிள் சக்கரத்தில் உருளுகிற எஃகு உருண்டை. பின் ஹப்பில் பக்கத்துக்கு ஒன்பது, கால் அங்குலம். முன் ஹப்பில் பக்கத்துக்குப் பத்து, கொஞ்சம் சிறியது. 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் வந்து உட்கார்ந்த ஊரில் பால்ரஸுக்கு என்ன பஞ்சம்? எங்கள் டவுசர் பைகளிலேயே கிடக்கும். ஒன்று இரண்டு கொடுத்தால் பெரியவர் வாங்கிக்கொள்வார். துப்பாக்கிக்கு அது நல்லதில்லை. எஃகு, நாட்டுக்குழலின் மெல்லிரும்பை உள்ளே கீறிக்கொண்டே போகும். ஈயம் குழலுக்குப் பதம். ஆனால் சேற்றில் சிதறிய ஈயத்தைக் கல்லென்று விழுங்கிய வாத்துகள் நஞ்சேறிச் சாகின்றன என்பதால் அமெரிக்காவில் 1991 முதல் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயக் குண்டு கூடாது.

இப்போது கையில் குடுக்கை இருப்பதால் எதை நல்ல குடுக்கை என்பது என்று யோசிக்கிறேன். இரும்பு கூடாது. பொறி பறக்கும், துருவும் ஏறும். செம்பு, பித்தளை, கொம்பு மூன்றும் உத்தமம். கொம்பைச் சுரண்டி மெல்லிசாக்கினால் வெளிச்சத்தில் பிடித்து மருந்து எவ்வளவு மிச்சம் என்று பார்த்துவிடலாம். எனக்குக் கேட்டால் பித்தளையைவிட அதற்குத்தான் ஓட்டு. பழைய குடுக்கையானால் பற்றுவைத்த ஓரத்தில் விரிசல் இருக்கிறதா, விசையின் சுருள் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தளர்ந்த சுருள் தகட்டை முழுக்க மூடாது. அந்தத் தலைமுடி அகல இடைவெளியில் வழியும் மருந்துதான் திரி. பெரிய குடுக்கை வாங்குவது பேராசை. அன்றைக்குத் தேவையானதற்குமேல் இடுப்பில் கட்டிக்கொண்டு அலைவானேன்? அதற்குள் போடுவது கருமருந்து மட்டும். புகையில்லா மருந்தைப் போட்டால் இந்தக் குழல் தாங்காது. பட்டாசைப் பிரித்துக் கொட்டிய கலவை அதைவிட மோசம், உரசினாலே போதும். அளவெண் பொறித்த மூக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் அதைக் குழல்வாயில் வைக்கக் கூடாது. கங்கு ஒன்று அடியில் கிடந்தால், அரை பவுண்டு மருந்துக்கும் அதற்கும் நடுவே நிற்பது நகத்தைவிட மெல்லிய ஒரு தகடு. ஷெஃபீல்டுக்காரர்கள் எவ்வளவு நயமாகச் செய்திருந்தாலும் மூங்கில் குவளைதான் எனக்கு உசத்தி.

தகட்டைப் பற்றிப் பேசினால் ஆவடியை எப்படி விடுவது? 1965இல் விஜயந்தா டாங்கி வெளியே வந்த கனரக வாகனத் தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே அர்ஜுன் டாங்கியை வடிவமைத்த ஆய்வகமும் இருக்கிறது. அர்ஜுன் மார்க் 1ஏ வண்டிக்குள் குண்டுகளைப் பெட்டியில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு மூடுகதவு வைத்திருக்கிறார்கள். எடுக்கிற குண்டின் கதவு மட்டும் திறக்கும், மற்றவை மூடியே இருக்கும். செய்தியில் இதைப் படித்தபோது எனக்கு முளையைப் பல்லால் பிடுங்குகிற அந்த வாய்தான் ஞாபகத்துக்கு வந்தது. டாங்கிக்காரர்கள் மன்னிக்கவும்.

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சில வருஷங்களில் பெரியவர் ஏரிக்கரைக்கு வருவது நின்றது. நாட்டுத் துப்பாக்கியானாலும் 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். குடகில் குடவர்களுக்கு வெள்ளைக்காரன் காலத்திலிருந்து விலக்கு உண்டு. வேட்டை போன நரிக்குறவர் சமூகத்துக்கு ஊசியும் பாசிமணியும் மிஞ்சின. 1968இல் ஒளிவிளக்கில் எம்.ஜி.ஆர். நரிக்குறவர் வேஷம் கட்டி ஆடியதைக் கைதட்டிப் பார்த்த ஊர், அவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்க 2023 ஜனவரிவரை எடுத்துக்கொண்டது. அதற்கு முந்தின ஏப்ரலில் முதலமைச்சர் ஆவடியில் அவர்கள் குடியிருப்புக்கே போய்ச் சாப்பிட்டார். நல்ல காரியம். ஆனால் அது செய்தியாகிற அளவுக்கு அபூர்வமாக இருந்ததே என்று எனக்கு ஓர் ஓரத்தில் கடுகடுப்பு.

போன மாதம் ஆவடி பஸ் ஸ்டாண்டில் மணிமாலையோடு மொபைல் கவரும் விற்றுக்கொண்டிருந்த இளைஞர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். அவர் என்னைச் சாமி என்று கூப்பிடவில்லை, சார் என்றார். எனக்கு அது பிடித்தது. வீட்டில் பழைய மருந்துக் கொம்பு ஏதும் இருக்கிறதா என்று கேட்டேன்.

"தாத்தாவோடது இருக்கு சார். பாட்டி அதுல ஊசி போட்டு வச்சிருக்கு. முளை மட்டும் தொலஞ்சிடுச்சு, துணிய சுருட்டி அடச்சிருக்கோம்."

"துணி கூடாதுப்பா. முளை இறுக்கமா, மரத்துல இருக்கணும். உள்ள மருந்து ஒட்டியிருந்தா முதல்ல தண்ணி ஊத்திக் கழுவணும், அது எத்தனை வருஷம் ஆனாலும்..."

"சார், நீங்க பூந்தமல்லிதானே? பஸ் எடுத்துட்டான்."

ஓடிப்போய் ஏறினேன். கொம்பைக் கழுவச் சொன்னது அவர் காதில் விழுந்ததா தெரியவில்லை. அடுத்த தடவை பார்த்தால் முதலில் அதைத்தான் கேட்க வேண்டும்.