கடவுச்சொல் சரிதான், கதவுதான் திறக்கவில்லை!

வங்கிகள் நம்பியிருக்கும் ஐபிஎம் மெயின்ஃப்ரேமில் லினக்ஸ் ஓடும் என்றால் இன்றும் பலருக்கு ஆச்சரியம்தான். ஜெர்மனியின் போப்லிங்கன் ஆய்வகத்தில் உருவான அதற்கான நிரலை ஐபிஎம் 1999 டிசம்பரில் வெளியிட்டது.

நிறுவுவதைவிட, நிறுவி முடித்தபின் உள்ளே நுழைவதுதான் புதியவர்களைப் படுத்துகிறது. ரூட் என்று அடித்து, கடவுச்சொல்லையும் சரியாகக் கொடுத்தால், 'லாகின் இன்கரெக்ட்' என்று பதில் வருகிறது. பலர் உடனே எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவுகிறார்கள். அதே கடவுச்சொல், அதே பதில்! வட்டில் இருந்த வேலையும் போயிற்று.

ஏன் இப்படி? இசட்/விஎம் மீது ஓடும் லினக்ஸ் ஒரு விருந்தாளி மட்டுமே. கன்சோலில் அடிக்கும் வரியை முதலில் படிப்பது சிபி என்ற கட்டுப்பாட்டு நிரல். வழக்கமான அமைப்பில் அதற்கு # என்றால் வரி முடிந்தது என்று பொருள். @ என்றால் முந்தைய எழுத்தை அழி என்று பொருள். கடவுச்சொல்லில் இவை இருந்தால் லினக்ஸுக்குப் போய்ச் சேருவது வேறு சொல். நிறுவும்போது எஸ்எஸ்எச் வழியாகக் கொடுத்ததால் அப்போது சிக்கல் தெரிந்திருக்காது. சிபியின் டெர்மினல் கட்டளையால் இந்தக் குறிகளை முடக்கலாம். எழுத்தும் எண்ணும் மட்டும் உள்ள கடவுச்சொல் இன்னும் எளிது.

வீட்டுக் கணினியில் ஹெர்குலிஸ் மென்பொருளை வைத்துப் பழகும் மாணவர்களுக்கு இன்னொரு கண்ணி உண்டு. அதன் கன்சோலில் லினக்ஸுக்கான வரிக்கு முன்னால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். மறந்தால் அது ஹெர்குலிஸுக்கே கட்டளையாகிவிடும்.

எஸ்எஸ்எச் வழியாகவும் ரூட்டை மறுக்கிறதா? 2015-ல் வந்த ஓபன்எஸ்எஸ்எச் 7.0 முதல், ரூட் கடவுச்சொல் கொடுத்து நுழைவது இயல்பிலேயே தடுக்கப்பட்டுள்ளது. சாதாரணப் பயனராக நுழைந்து, பிறகு ரூட் ஆகலாம். பழைய லினக்ஸ்களில் செக்யூர்டிடிஒய் கோப்பில் அந்தக் கன்சோலின் பெயர் இல்லாவிட்டாலும், கடவுச்சொல் சரியாக இருந்தும் ரூட்டை உள்ளே விடாது.

எதுவுமே பலிக்கவில்லையா? அந்த வட்டை வேறொரு லினக்ஸ் விருந்தாளியோடு இணைத்து, லாக் கோப்பைப் படிக்கலாம், கடவுச்சொல்லையும் மாற்றலாம். தகவல் எதுவும் அழியாது.

'இன்கரெக்ட்' என்ற சொல் தவறு நடந்ததைச் சொல்லுமே தவிர, எங்கே நடந்தது என்று சொல்லாது. விரலுக்கும் லினக்ஸுக்கும் நடுவே யார் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தபின் மறுநிறுவலைப் பற்றி யோசிக்கலாமே!