மரவள்ளியும் வெறுந்தேத்தண்ணியும்

போயா தினம் எங்கள் நால்வருக்கும் கூடும் தினம். ஒருவர் தையற்காரர், ஒருவர் வயல் செய்பவர், ஒருவர் தபாற்கந்தோரில் வேலை, நான் வாத்தியார். மாதம் ஒருவர் வீட்டு விறாந்தையில், அஸர் தொழுகை முடிந்ததும் பாய் விரித்து உட்காருவோம். எழுதியதை வாசிப்போம். எழுதாதவர் ஊர்க்கதை சொல்வார். மஃரிபுக்குப் பாங்கு கேட்டதும் எழும்பிவிடுவோம்.

ஆரம்பத்தில் தேத்தண்ணியும் விசுக்கோத்தும்தான். அதை மாற்றியவன் நான். சம்பள நிலுவை கைக்கு வந்த ஒரு மாதம் ரோல்ஸும் கட்லட்டும் செய்யச் சொன்னேன். மனைவி காலையிலிருந்து அடுப்படியில் நின்றாள். நண்பர்கள் பாராட்டினார்கள், பாராட்டை வாங்கிக்கொண்டவன் நான். அடுத்த மாதம் அடுத்த வீட்டில் சமூசாவும் வட்டிலப்பமும். அதற்கடுத்த மாதம் ஐந்து வகை. தட்டுகள் கூடக் கூட, வாசிக்கும் கவிதைகள் குறைந்து வந்ததை யாரும் கவனிக்கவில்லை.

பிறகு 2022 வந்தது. அந்த ஏப்ரலில் 12.5 கிலோ எரிவாயு சிலிண்டர் 4,860 ரூபாவுக்கு ஏறியது. அந்தக் காசைக் கையில் வைத்துக்கொண்டும் வரிசையில் வெறுமனே நின்று திரும்பினோம். கோதுமை மா, எண்ணெய், பால்மா எதையும் விலை கேட்கவே பயம். நோன்புப் பெருநாளுக்குப் பிறகு கூடியபோது தையற்காரர் வரவில்லை. நோன்புக்கு முந்திய கூட்டத்துக்கும் அவர் வந்திருக்கவில்லை. அவருடைய கவிதையொன்றை “இது மேடைப்பேச்சு” என்று நான் சொல்லியிருந்தேன். அந்தக் கோபம்தான் என்று நானே தீர்மானித்து, “விமர்சனத்தைத் தாங்கத் தெரியாத மனிசன்” என்று மற்ற இருவரிடமும் சொல்லியும் விட்டேன்.

உண்மையைச் சொன்னவள் மனைவி.

“கவிதையும் இல்ல, ஒண்டும் இல்ல. அடுத்த முற அவங்கட வீடு. பெருநாளைக்கே தையல் வரல்லயாம். ஒங்கட ரோல்ஸுக்கு அந்தப் புள்ள எங்க போவா?”

‘ஒங்கட ரோல்ஸ்’ என்ற சொல் அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை. அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்ற நாட்கள் நினைவுக்கு வந்தன. மாதக் கடைசியில் எவர் கையிலும் காசிருக்காது. யாராவது ஊரிலிருந்து மரவள்ளிக் கிழங்கு கொண்டு வருவார். ஒரே சட்டியைச் சுற்றி எட்டுப் பேர். யார் கொண்டுவந்தது என்று எவரும் கணக்குப் பார்த்ததில்லை.

பொசன் போயாவுக்கு முதல் நாள் தையற்கடைக்குப் போனேன்.

“காக்கா, நாளைக்கு எங்கட வீட்ட வாங்க.”

“முற என்ட வீட்டயெல்லா, சேர்?”

“அது அடுத்த மாசம். நாளைக்கு நான்தான் சமைக்கன். கிழங்கும் வெறுந்தேத்தண்ணியும்.”

அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். “மாசி இரிக்கா?”

“கொஞ்சம் இரிக்கி.”

“அப்ப வாறன்.”

மறுநாள் காலை வளவு மூலையில் இரண்டு மரவள்ளியைக் கிண்டினேன். கிண்டிய அன்றே அவிக்க வேண்டும். வைத்திருந்தால் உள்ளே கருநீலமாய் நரம்போடிவிடும். மேல்தோலோடு அதற்கடியிலுள்ள தடித்த தோலையும் உரித்து, நாலு விரல் நீளத்தில் வெட்டிக் கழுவி, உப்பும் மஞ்சளும் போட்டு, பொச்சும் பாளையும் வைத்து எரித்தேன். “சட்டிய மூடாத மனே” என்று உம்மா சொல்வது ஞாபகம் வந்தது. மரவள்ளியில் சயனைட் நஞ்சு உண்டாகும். திறந்து வைத்து அவித்தால் அது ஆவியோடு போகும். வெந்ததும் தண்ணீரை வடித்து ஊற்றிவிட்டேன். கிழங்கு மாப்போல் வெடித்திருந்தது. நடு நரம்பை உருவினேன். செத்தல் கொச்சிக்காய், சின்ன வெங்காயம், மாசி, உப்பு வைத்து அம்மியில் அரைத்துத் தேசிக்காய் பிழிந்தேன். தேத்தண்ணிக்கு இஞ்சி தட்டப் போன என் கையை மனைவி பிடித்தாள். கிழங்கோடு இஞ்சி ஆகாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

மூவரும் வந்தார்கள். தையற்காரர் முதல் வாய் வைத்ததும் கண்ணைச் சுருக்கினார். உப்புக் கூடிவிட்டது.

“சேர், ஒங்கட சம்பல் மேடைப்பேச்சாட்டம் இரிக்கி!”

எல்லோரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும், மற்ற இருவரும் கேட்கத்தக்கதாக, “காக்கா, ஒங்களப் பத்திப் பொறத்தால தப்பாப் பேசிட்டன். மாப்புத் தாங்க” என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கிழங்குத் துண்டொன்றை எடுத்து என் பக்கம் வைத்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்து வாசிக்கத் தொடங்கினார். மூன்று மாதத்தில் நாலு கவிதை எழுதியிருந்தார். இரண்டு உண்மையிலேயே நல்ல கவிதைகள்.

அடுத்த மாதம் அவர் வீட்டில் அவித்த பயறும் தேங்காய்ப்பூவும். அன்றிலிருந்து எழுதாத சட்டமொன்று இருக்கிறது: ஒரே ஒரு பண்டம், வீட்டிலோ வளவிலோ இருப்பதைக் கொண்டு, அந்த வீட்டு ஆண்பிள்ளை செய்ய வேண்டும். எரிவாயு வரிசைகள் போய்விட்டன; சட்டம் மாறவில்லை. என் முறை வரும் போயாவில் மனைவி மத்தியானமே பக்கத்து வீட்டு ராத்தாவோடு கதைக்கப் போய்விடுகிறாள். போகும்போது உப்புப் போத்தலை மட்டும் எட்டாத தட்டில் வைத்துவிட்டுப் போகிறாள்.