பூட்டின் வயது அதன் வயிற்றில்

திண்டுக்கல் பக்கத்து அகரத்தில் ஒரு வீட்டுத் திண்ணைதான் பட்டறை. வைஸ், ஏழெட்டு அரம், சின்னச் சுத்தி, சீமெண்ணெய் ஊற்றிய தகரத் தட்டு. பெரியவர் முன்னால் சாவி தொலைந்த மாங்காய்ப் பூட்டு ஒன்று கிடந்தது. கொண்டுவந்தவர் நூறு வருடப் பூட்டு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

"வெளியில பாத்து வயசு சொல்லக் கூடாது தம்பி. பித்தளையப் புளி போட்டுத் தேச்சா புதுசு, விட்டா பழசு" என்றபடி ரிவிட் தலைகளை அரத்தால் தேய்த்து, ஊசி வைத்துத் தட்டி, மேல்தகட்டைத் தூக்கினார்.

உள்ளே ஆறு லீவர்கள், ஒன்றன்மேல் ஒன்றாக. சாவியின் ஒவ்வொரு பல்லும் தனக்குரிய லீவரைச் சரியான உயரத்துக்குத் தூக்க வேண்டும். கூடினாலும் திறக்காது, குறைந்தாலும் திறக்காது. எல்லா வெட்டும் ஒரே கோட்டில் வந்தால்தான் தாழ் நகரும். 1778-இல் இங்கிலாந்தில் ராபர்ட் பாரன் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. திண்டுக்கல் பூட்டின் உயிரும் இதுவே.

லீவர்களை அடுக்கு மாறாமல் துணியில் பரப்பினார். ஐந்தில் அரம் ஓடிய கோடுகள் தாறுமாறாகத் தெரிந்தன. கையால் ராவியவை. ஆறாவதில் ஒரு பக்க விளிம்பில் மட்டும் பிசிறு. பஞ்சிங் மெஷினில் வெட்டிய தகடு அப்படித்தான் இருக்கும். இடையில் யாரோ மாற்றியிருக்கிறார்கள்.

வேறு ஊர்ப் பூட்டாக இருந்தால் கைவேலையை வைத்தே பழசு என்று சொல்லிவிடலாம். திண்டுக்கல்லில் அது செல்லாது. இங்கே இன்றும் கையால்தான் ராவுகிறார்கள். அரக்கோடு ஊரைச் சொல்லும், ஆண்டைச் சொல்லாது. இதைக் கவனிக்காமல்தான் பழம்பொருள் கடைகளில் நேற்றுச் செய்த பூட்டும் பாட்டன் காலத்துப் பூட்டாக விலைபோகிறது.

வயதைச் சொல்வது தேய்மானம். சாவி உரசும் இடத்தில் கைராவல் லீவர்களின் வயிறு குழிந்திருந்தது. மெஷினில் வெட்டிய லீவரும் கொஞ்சம் குழிந்திருந்ததைக் கண்டதும் பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மாற்றிய பிறகும் பூட்டு பல வருடம் புழங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

சாவித்துளை மூடியில் நட்சத்திரத் தலை ஸ்க்ரூ. அந்த வகைக்கு அமெரிக்காவின் ஹென்றி பிலிப்ஸ் காப்புரிமை பெற்றது 1936-இல். அதை மட்டும் பார்த்தால் பூட்டே அதற்குப் பிந்தியது என்று தோன்றும். ஸ்க்ரூவைக் கழற்றினால் அடியில் பழைய ரிவிட்டின் வட்டத் தடம். ஆக, ஸ்க்ரூ பழுதுபார்த்த காலத்தது. பூட்டு அதற்கும் மூத்தது. தகட்டின் கனத்தை நூல் கணக்கில் சொன்னார், எட்டு நூல் ஓர் அங்குலம். மெட்ரிக் அளவுக்கு 1956-இல் சட்டம் வந்துவிட்டாலும் பட்டறைகளில் நூல் இன்னும் புழங்குகிறது. அதனால் அளவும் சாட்சிக்கு உதவாது.

"அம்பது அறுபது வருசத்துக்குக் கொறையாது. நூறுன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார். எனக்கு அந்தத் தீர்ப்பு மிகவும் பிடித்தது. பொருள் சொல்வதற்கு மேல் ஒரு வார்த்தை கூட்டவில்லை.

பிறகு மொட்டைச் சாவியை வைஸில் பிடித்து, லீவருக்கு லீவர் ராவிப் பார்த்து வெட்டினார். பூட்டை பஃப் போட்டு மினுக்கவில்லை. மாற்றிய லீவரையும் எடுக்கவில்லை. அதுவும் பூட்டின் கதைதான் என்றார். எண்ணெய் விட்டால் தூசி ஒட்டும் என்று கிராஃபைட் தூள் தூவினார்.

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அலிகாரின் மலிவான மெஷின் பூட்டுகளோடு போட்டியிட்டுப் பட்டறைகள் குறைந்துகொண்டே வருகின்றன. குறியீடு பெயரைக் காக்கும். லீவரைப் படிக்கத் தெரிந்த கண்களை யார் காப்பது?

உங்கள் வீட்டில் சாவியில்லாத பழைய பூட்டு இருந்தால் உடைக்காதீர்கள், பாலிஷ் போடாதீர்கள், எடைக்குப் போடாதீர்கள். அப்படியே திண்டுக்கல் பக்கம் கொண்டுவாருங்கள். திறந்து பார்க்கத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.