செல்போனைப் பிடுங்கினால் போதுமா?

2000களில் தாம்பரம், குரோம்பேட்டை பக்கம் பல பிள்ளைகளுக்கு இன்டர்நெட் என்றால் பிரவுசிங் சென்டர்தான். மணிக்கு இவ்வளவு என்று காசு. காசு தீர்ந்தால் எழுந்துவிட வேண்டும். இன்று இன்டர்நெட் சட்டைப்பையிலேயே இருக்கிறது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு டேட்டாவும் மலிவாகிவிட்டது. 'நேரம் முடிந்தது, எழுந்திரு தம்பி' என்று சொல்லத்தான் ஆளில்லை.

ஆனாலும் போன் வைத்திருக்கும் எல்லாப் பிள்ளைகளும் அதற்கு அடிமையாவதில்லை. காரணத்தை மனதில்தான் தேட வேண்டும்.

முதலாவது, எதிர்பார்ப்பு. அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் எலிகளையும் புறாக்களையும் வைத்துச் சோதனை செய்தார். எப்போது இரை விழும் என்று தெரியாதபோதுதான் அவை விடாமல் முயன்றுகொண்டே இருந்தன. அடுத்த ரீல்ஸ் நன்றாக இருக்குமா, போட்ட படத்துக்கு லைக் விழுமா என்று விரல் தள்ளிக்கொண்டே இருப்பதும் இதுபோலத்தான்.

இரண்டாவது, அங்கீகாரம். பதின்பருவத்தில் பெற்றோர் சொல்லைவிட நண்பர்களின் பாராட்டு பெரிது. வகுப்பில் யாரும் கண்டுகொள்ளாத ஒரு பையன் ஆன்லைன் விளையாட்டில் அணித் தலைவனாக இருக்கலாம். அந்த மரியாதையை அவன் எப்படி விடுவான்?

மூன்றாவது, தப்பித்தல். பிளஸ் டூ மார்க், நீட் கோச்சிங், வீட்டுச் சண்டை எல்லாவற்றையும் கொஞ்ச நேரம் மறக்க போன் உதவுகிறது. கிம்பர்லி யங் 1998இல் வெளியிட்ட 20 கேள்விகள் கொண்ட சோதனையிலும், கவலையை மறக்க இணையத்தை நாடுகிறீர்களா என்ற பொருளில் ஒரு கேள்வி உண்டு.

அதற்காக நிறைய நேரம் போன் பார்ப்பவர்களை எல்லாம் நோயாளி என்று சொல்லிவிட முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 2022 ஜனவரி முதல் 'விளையாட்டுக் கோளாறு' இருக்கிறது. கட்டுப்பாடு இழப்பது, மற்ற எல்லாவற்றையும் விட விளையாட்டையே பெரிதாக நினைப்பது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது ஆகியவை அதன் அடையாளங்கள். பொதுவாக 12 மாதங்களாவது இப்படி நீடித்திருக்க வேண்டும். இப்படிப்பட்டவர்களுக்காகவே பெங்களூர் நிம்ஹான்ஸில் 2014 முதல் தனிப் பிரிவு நடக்கிறது.

காமர்ஸ் மாணவர்களுக்குத் தெரியும்: ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டு. பெற்றோர் கண்ணில் படுவது வீணாகும் நேரம் மட்டுமே. பிள்ளைக்கு அங்கே என்ன கிடைக்கிறது என்ற பக்கத்தை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. போனைப் பிடுங்கினால் அவனுக்கு இருந்த ஒரே ஆறுதலும் போய்விடும். கவலை மட்டும் அப்படியே இருக்கும். பொய்யும் திருட்டுத்தனமும் அங்கேதான் ஆரம்பம்.

எனவே நண்பர்களே, வீட்டில் தம்பியோ தங்கையோ ராத்திரி முழுக்க போனும் கையுமாக இருந்தால் கத்தாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, 'ஸ்கூல்ல எல்லாம் நல்லா போகுதா?' என்று முதலில் கேட்டுப் பாருங்கள். பதில் வர இரண்டு மூன்று நாள் ஆகலாம். பரவாயில்லை, காத்திருங்கள்.