தண்ணி லாரி வரும் நேரம்

விடியற்காலை நாலரை மணிக்கு ஹாரன் சத்தம். "லாரி வந்துடுச்சு, நீ தூங்குப்பா" என்று சொல்லிவிட்டுச் சித்தி வாசலுக்கு ஓடினாள். எனக்குத் தூக்கம் கலைந்துவிட்டது. மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன். ஒரு பையன் லாரியிலிருந்து குழாயை இழுத்து எங்கள் வீட்டுத் தொட்டிக்குள் விட்டுக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால், இரவெல்லாம் விளக்கு அணையாத கண்ணாடிக் கட்டடம் ஒன்று வானத்தில் பாதியை மறைத்து நின்றது. காரப்பாக்கத்தில் நான் பிறந்த தெரு இது. கயிறு நாலு முழம் இறங்கினால் வாளி நிறையும் கிணறு, வீட்டுக்கு ஒன்று இருந்த தெரு.

1997இல் டொராண்டோவுக்குப் போனவன். நடுவில் அம்மா இறந்தபோது ஐந்து நாள் வந்ததோடு சரி. நான் போகும்போது ஊருக்குக் கிழக்கே பக்கிங்காம் கால்வாய், மேற்கே கழனியும் அதைத் தாண்டிக் கழுவெளியும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு எங்கள் ஊரில் வேறு பெயர் கிடையாது, கழுவெளிதான். ஐப்பசி மழையில் அது நிரம்பி, ஒக்கியம் மடு வழியாகக் கால்வாயில் இறங்கி, கோவளம் முகத்துவாரத்தில் கடல் சேரும். தண்ணீர் வரும் வழியும் போகும் வழியும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மாமல்லபுரத்துக்குப் போகும் சாலையில் எதிரும் புதிருமாக இரண்டு பஸ் வந்தால் ஒன்று மண்ணில் இறங்கி வழிவிடும்.

2000ஆம் ஆண்டு தரமணியில் டைடல் பார்க் என்ற மென்பொருள் வளாகத்தைத் திறந்தார்கள். அதற்குப் பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும். ஆறு வழிச் சாலை, ராஜீவ் காந்தி சாலை என்ற புதுப் பெயர், பெருங்குடியிலிருந்து சிறுசேரி வரை கட்டடங்கள். இப்போது நடுவில் மெட்ரோ தூண்கள் எழும்புகின்றன.

தங்கை மகள் அந்தக் கட்டடங்களில் ஒன்றில்தான் வேலை பார்க்கிறாள். அவளுடைய பாட்டி, அதாவது என் சித்தி, கழனியில் நாற்று நட்டவள். கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தவள். பேத்தி இரவுப் பணி முடித்துக் கம்பெனி காரில் தனியாக வந்து இறங்குகிறாள். தன் சம்பளத்தில் தம்பியைப் படிக்க வைக்கிறாள், வரன் பார்க்கட்டுமா என்று கேட்டவர்களிடம் இன்னும் இரண்டு வருஷம் பொறுங்கள் என்று சொல்லியிருக்கிறாள். இதைப் பார்த்து என் கண் கலங்கியது. மென்பொருள் தொழில் ஊருக்கு என்ன செய்தது என்று யார் கணக்குப் போட்டாலும் இந்தப் பெண்ணிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

அவள்தான் என்னைச் சோழிங்கநல்லூருக்கு ஒரு காபிக் கடைக்கு அழைத்துப் போனாள். தொங்கும் விளக்குகள், வெறும் செங்கல் தெரியும் சுவர், ஆங்கிலப் பாட்டு. டொராண்டோவில் என் வீட்டுப் பக்கத்துக் கடையும் அச்சாக இப்படித்தான் இருக்கும். "ஊரு நல்லா ஆயிடுச்சுல்ல மாமா?" என்று ஆசையாகக் கேட்டாள். ஆமாம்மா என்றேன். பாதி பதில்தான் சொன்னேன். மீதியை அப்போது சொல்ல மனம் வரவில்லை.

சம்பளம் தனித்தனி ஆளுக்கு வருகிறது. தண்ணீரும் சாக்கடையும் ஊருக்குப் பொதுவாக வர வேண்டியவை. இங்கே பணம் முந்திக்கொண்டது. டைடல் பார்க் திறந்து பதினோரு வருஷம் கழித்து, 2011இல்தான் எங்கள் ஊர் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது. அதற்குள் கழனியெல்லாம் மாடிகளாகிவிட்டன. குழாய் இல்லாத இடத்தில் கட்டியவர்கள் ஆளுக்கொரு வழி செய்துகொண்டார்கள்: சொந்த ஜெனரேட்டர், சொந்தப் பேருந்து, தண்ணீருக்கும் கழிவுக்கும் லாரி. காசுள்ளவனுக்குத் தெருக்குழாய் இல்லாமலே வாழ்க்கை ஓடிவிடுகிறது. அப்புறம் தெருக்குழாய் வேண்டும் என்று உரத்துக் கேட்பது யார்? 2019இல் ஏரிகள் வறண்டபோது லாரிகூட வரவில்லை. வீட்டிலிருந்தே வேலை செய்யுங்கள் என்று கம்பெனிகள் சொன்னது அப்போதுதான். ஆண்டுக்கு 1,400 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்யும் ஊர் சென்னை. அந்த மழையைத் தேக்கிவைத்த கழுவெளியில் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம். மிஞ்சியதில் 1,247 ஹெக்டேரை 2022இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். போய்ப் பார்த்தேன். பூநாரைகள் நின்றிருந்தன. அவற்றுக்குப் பின்னால் பெருங்குடிக் குப்பை மேடு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடி வந்தது. சித்தப்பா மூன்று நாள் மாடியிலேயே இருந்தார்.

நிலம் விற்றவர்கள் பிழைத்தார்கள் என்று சொல்வார்கள். பட்டா வைத்திருந்தவர்கள் பிழைத்தார்கள், உண்மை. என் அப்பா வாரத்துக்கு உழுதவர். இருபது வருஷம் நவரையும் சம்பாவும் எடுத்த கழனி கைமாறிய அன்று, அவருக்கு ஒரு வேட்டியும் ஐந்நூறு ரூபாயும் கொடுத்தார்கள். அந்த ஆத்திரத்தில்தான் நான் பாஸ்போர்ட் எடுத்தேன்.

கூப்பிடு தூரத்தில் கண்ணகி நகர். சென்னைக்குள் குடிசை இழந்தவர்களை 2000லிருந்து கொண்டுவந்து வைத்த இடம்; 15,000க்கு மேல் வீடுகள். 2020இல் அங்கே சுவர்களில் மாடி உயரத்துக்கு ஓவியம் தீட்டினார்கள். அழகான ஓவியங்கள்தான், நின்று பார்த்தேன். டீக்கடையில் சீருடைச் சேலையில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். அந்தக் கண்ணாடிக் கட்டடங்களில் ஒன்றில் ஹவுஸ்கீப்பிங் வேலையாம். "பையன் டிகிரி முடிச்சிருக்கான் சார். அட்ரஸ்ல கண்ணகி நகர்னு போட்டா கூப்பிடவே மாட்டேங்கறாங்க. என் தங்கச்சி வீட்டு அட்ரஸ் போடச் சொல்லியிருக்கேன்" என்றார். அம்மா தினமும் துடைக்கும் தரையில் மகன் கால் வைக்க வேறொரு முகவரி வேண்டியிருக்கிறது.

புறப்படும் முந்தின நாள், கிணறு என்ன ஆயிற்று என்று சித்தப்பாவிடம் கேட்டேன். பைக் நிறுத்தும் இடத்துக்குக் கூட்டிப்போனார். இரண்டு பேரும் சேர்ந்து சிமெண்ட் பலகையை நகர்த்தினோம். கையெட்டும் ஆழத்தில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. எனக்குச் சட்டென்று சந்தோஷமாகிவிட்டது.

"குனியாத, நாறும். அக்கம்பக்கத்துக் கழிவுத் தொட்டியெல்லாம் இதுலதான் ஊறுது" என்றார்.

பலகையை மூடினோம். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, நாளைக்கு ஒரு லோடு வேண்டும் என்று லாரிக்காரருக்குப் போன் போட்டார்.