நீலச் சீருடையில் ஒரு தமிழ்ப் பெயர்

அமெரிக்கப் படங்களில் ஷெரிப் என்றொருவர் அடிக்கடி வருவார். நெஞ்சில் நட்சத்திரச் சின்னம், இடுப்பில் துப்பாக்கி, தலையில் அகலமான தொப்பி. அங்கே பெரும்பாலான மாநிலங்களில் ஷெரிப்பை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர் எந்த ஊர்க்காரர், என்ன படித்தவர், எத்தனை ஆண்டு வேலை பார்த்தவர் என்பதெல்லாம் தேர்தல் நேரத்தில் ஊருக்கே தெரிந்துவிடும்.

நம் நாட்டில் அந்தப் பதவிக்கு அருகில் வருபவர் மாவட்டப் போலீஸ் தலைவர், அதாவது ஓசிபிடி. இங்கே ஓட்டு கிடையாது. மேலிடம் நியமிக்கும்; மாற்றல் வந்தால் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். எங்கள் காம்பார் 2009இல்தான் கிந்தாவிலிருந்து பிரிந்து பேராக்கின் பத்தாவது மாவட்டமானது. இன்று இங்குள்ள ஓசிபிடி யார் என்று சாப்பாட்டுக் கடையில் கேட்டுப் பாருங்கள். பதில் சொல்ல ஆள் தேட வேண்டியிருக்கும்.

வேலை வாய்ப்பு பற்றி வானொலியில் ஒரு நிகழ்ச்சி செய்தபோது ஓர் அம்மா அழைத்தார். "பையன் எஸ்பிஎம் முடிச்சிட்டான். போலீஸ்ல சேரணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். நான் வேணாம்னு சொல்லிட்டேன். நம்ம ஆளுங்களுக்கு அங்க என்னம்மா இருக்கு?" என்றார். அடுத்த பாட்டுக்கு முப்பது விநாடிதான் இருந்தது. அந்த முப்பது விநாடியில் அடங்கும் கேள்வியா அது?

வரலாற்றைப் பார்த்தால், பேராக் போலீசின் தொடக்கத்திலேயே இந்தியர்கள் இருக்கிறார்கள். 1873இல் லாருட் ஈயச் சுரங்கங்களில் சீனக் குழுக்கள் மோதிக்கொண்டபோது, கேப்டன் ஸ்பீடி என்ற ஆங்கிலேயர் இந்தியாவுக்குப் போய்ச் சீக்கியர்களையும் பட்டாணியரையும் திரட்டி வந்தார். நூற்றுச் சொச்சம் பேர். அந்தப் படைதான் பின்னாளில் பேராக் ஆயுதப் போலீசாக வளர்ந்தது.

பால்மரம் சீவ வந்த நம்மவர்களுக்கோ போலீஸ் என்றால் வேறு நினைவு. 1948 ஜூன் மாதம் சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு அவசரகாலம் வந்தது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போகக் கூடாது என்று வேலைக்குப் போகிறவர்களைத் தோட்டத்து வாசலிலேயே சோதித்தார்கள். வெட்டுக்குப் போகும்போது ஒரு பிடி சோறு எடுத்துப் போகவும் பயந்த நாட்களை என் பாட்டி பலமுறை சொல்லியிருக்கிறார். மலாய்க்காரர்கள் பழைய காலத்தில் போலீஸ்காரரை 'மாத்தா மாத்தா' என்பார்கள்; கண்கள் என்று பொருள். பாட்டிக்கு அவை தன்னைக் காக்கும் கண்களாகத் தெரியவில்லை, சோற்றுத் தூக்கைத் துழாவும் கண்களாகத்தான் தெரிந்தன.

அந்தப் பயம் லயத்தோடு போய்விடவும் இல்லை. 2009 ஜனவரியில் ஏ. குகன் என்ற இளைஞர் போலீஸ் காவலில் இறந்தார். குடும்பம் தொடுத்த வழக்கில் 2013இல் கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் போலீசையும் அரசாங்கத்தையும் பொறுப்பாக்கியது. இதையெல்லாம் பார்த்த ஒரு தாய் "வேணாம்" என்று சொன்னால், அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் அதே காலக்கட்டத்தில் வேறொன்றும் நடந்துகொண்டிருந்தது. போலீஸ் குடும்பத்திலிருந்து வந்த அமார் சிங் 2016இல் கோலாலம்பூர் போலீஸ் தலைவரானார். பிறகு வணிகக் குற்றப் புலனாய்வுத் துறை இயக்குநரானார். 2018 ஜூனில், முன்னாள் பிரதமர் நஜிப்புடன் தொடர்புடைய வீடுகளில் கைப்பற்றிய 26 நாட்டுப் பணத்தையும் 12,000 நகைகளையும் நாட்டுக்குக் கணக்குச் சொன்னவர் அவர்தான். 2018இல் பினாங்கு மாநிலப் போலீஸ் தலைவராக இருந்தவர் டத்தோ ஏ. தெய்வீகன். அவரையடுத்து அந்த நாற்காலியில் அமர்ந்தவர் டி. நரேனசாகரன். சிலாங்கூரில் துணைப் போலீஸ் தலைவராக எஸ். சசிகலா தேவி இருந்தார். 2024 மே மாதம் ஜொகூர் உலு திராம் போலீஸ் நிலையம் தாக்கப்பட்டு இரண்டு போலீஸ்காரர்கள் கொல்லப்பட்டபோது, ஜொகூர் போலீஸ் தலைவராக இருந்தவர் டத்தோ எம். குமார். மறு ஆண்டே அவர் புக்கிட் அமான் குற்றப் புலனாய்வுத் துறையின் இயக்குநரானார்.

இவர்களைப் பற்றிய செய்தி பத்திரிகையில் ஒரு நாள் வரும். நாம் பெருமையோடு வாட்சாப்பில் அனுப்புவோம். அதற்குப் பின்னால் இருக்கும் படிகளை யாரும் எண்ணுவதில்லை. இன்ஸ்பெக்டராக நுழைந்தாலும் ஏஎஸ்பி, டிஎஸ்பி, சூப்பரின்டென்டன், ஏசிபி, எஸ்ஏசி, டிசிபி என்று ஒவ்வொன்றாக ஏற வேண்டும். ஒவ்வொரு படிக்கும் நடுவில் மாற்றல், பிள்ளைகளுக்குப் பள்ளி மாற்றம், தீபாவளியன்றும் பணி. கான்ஸ்டபிளாக நுழைந்தால் ஏணி இன்னும் நீளம்.

நமக்கு மாநிலத் தலைவர் மட்டும் போதுமா? எனக்கு முகப்பில் இருப்பவரும் முக்கியம். சில ஆண்டுகளுக்கு முன் பெரியம்மாவின் சங்கிலியை மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவன் பறித்துக்கொண்டு போனான். புகார் கொடுக்க நான்தான் கூட்டிப் போனேன். முகப்பில் இருந்த மலாய்க்காரத் தம்பி மரியாதையாகவே கேட்டார். பெரியம்மா தமிழில் சொல்ல, நான் மலாயில் சொன்னேன். முடியப் போகும் நேரம் உள்ளேயிருந்து ஒரு கோப்ரல் வந்தார். பெயர்ப்பட்டையில் தமிழ்ப் பெயர். "என்னம்மா, ஆளைப் பார்த்தா அடையாளம் தெரியுமா?" என்று கேட்டார். பெரியம்மா என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு அவரிடம் மெதுவாகச் சொன்னார்: "தெரியும் தம்பி. நம்ம தாமான் பையன்தான்." வழி நெடுக என்னிடம் சொல்லாத விஷயம் அது. சொந்தக்காரர்கள் வாயில் விழுந்து ஊர் முழுக்கப் பரவிவிடுமே என்று பயந்திருக்கிறார். சீருடையில் இருந்த ஒருவர் தன் மொழியில் கேட்டதும் அந்தப் பயம் விலகியது.

மக்கள்தொகையில் நாம் ஏறக்குறைய ஏழு விழுக்காடு. போலீஸ் படையில் நம் பங்கு அதைவிடக் குறைவு. பதவி உயர்வில் பாகுபாடு இருக்கிறதா என்று கேட்பது நியாயமான கேள்வி. கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் விண்ணப்பமே போடாத வீட்டுக்காக அந்தக் கேள்வியை யார் கேட்க முடியும்? கான்ஸ்டபிளாகச் சேர எஸ்பிஎம், மலாய்மொழித் தேர்ச்சி, ஓட்டத்துக்குப் பழகிய உடம்பு வேண்டும். டிப்ளோமா, பட்டம் முடித்தவர்கள் இன்ஸ்பெக்டர் பதவிக்கு முயலலாம். யூடார் வந்தபின் பல்கலைக்கழகம் எங்கள் காம்பாரிலேயே இருக்கிறது. படித்த பிள்ளைகளுக்கு இங்கே பஞ்சமில்லை.

ஒருவர் மாநிலப் போலீஸ் தலைவராக உயர முப்பது ஆண்டுகள் ஆகலாம். 2055இல் பேராக்கின் அந்த நாற்காலிக்குப் பெயர்கள் பரிசீலிக்கப்படும்போது, இந்த ஆண்டு பாரம் நிரப்பியவர்கள்தான் வரிசையில் நிற்பார்கள்.